ஓரிரு இடங்களில் பிறந்தநாள்

நான் பிறந்தது 1966 நவம்பர் 1. அன்றைக்கு நல்ல மழை. இது வானிலை மையம் சொன்னதல்ல, என் அம்மா சொன்னது. கடலூர் முதுநகரில் தெருவெல்லாம் தண்ணீர், ரிக்‌ஷாக்காரர் வர மாட்டேன் என்றார், அப்பா டென்ஷனில் குடையைப் பிடித்துக்கொண்டு பையை மறந்துவிட்டார் என்று கதை போகும். வருஷா வருஷம் கேட்டதில் நான் கவனித்த ஒரு விஷயம்: அந்தத் தண்ணீர் வடியவே இல்லை, ஏறிக்கொண்டே வந்தது. நான் மூன்றாவது படிக்கும்போது கணுக்கால் அளவு இருந்தது, என் கல்யாணத்தின்போது இடுப்பு வரை வந்துவிட்டது. அம்மா இன்னும் பத்து வருஷம் இருந்திருந்தால் நான் தோணியில் பிறந்திருப்பேன்.

நவம்பர் 1 பிறந்தநாளுக்கு ஏற்ற தேதி இல்லை. பள்ளிக்கூடத்தில் மற்ற பையன்கள் பிறந்தநாளன்று கலர் சட்டை போட்டுக்கொண்டு வந்து ஆரஞ்சு மிட்டாய் கொடுப்பார்கள். என் பிறந்தநாளன்று பள்ளிக்கூடமே இருக்காது. இருந்தாலும் பாதி வகுப்பு வராது. வந்த பாதியும் மிட்டாயை வாங்கிக்கொண்டு ஈர டவுசரைப் பிழிவதில் மும்முரமாக இருக்கும். சட்டை விஷயமும் அப்படித்தான். தீபாவளி எப்போதும் பதினைந்து நாள் முன்னேயோ பின்னேயோ வந்து நிற்கும். "தீபாவளிக்கு எடுத்ததையே போட்டுக்கோடா" என்று அப்பா முடித்துவிடுவார். ஒரு சட்டையில் இரண்டு விழா.

போதாக்குறைக்கு, சான்றிதழில் என் பிறந்தநாள் ஜூன் 10. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோது ஐந்து வயது நிறையவில்லை. அந்தக் காலத்து முறைப்படி தலைமையாசிரியர், வலது கையைத் தலைக்கு மேலே சுற்றிக் கொண்டுவந்து இடது காதைத் தொடச் சொன்னார். எட்டிவிட்டது. கை எட்டிய பிறகு தேதி எட்டாமல் இருக்கலாமா? அவராகவே ஒரு தேதியைப் போட்டார். ஆக, நான் பிறப்பதற்கு ஐந்து மாதம் முன்பே அரசாங்கக் கணக்கில் பிறந்துவிட்டேன். அந்தக் கை நீளத்துக்குத் தண்டனையாக, நான் வேலை பார்க்கும் வங்கி என்னை ஐந்து மாதம் முன்னதாகவே வீட்டுக்கு அனுப்பும்.

நவம்பர் 1-ல் எனக்கு இருந்த ஒரே பெருமை, அது தமிழ்நாட்டின் பிறந்தநாளும்கூட என்பதுதான். 1956 நவம்பர் 1-ஆம் தேதி மொழிவாரியாக மாநிலங்களைப் பிரித்தார்கள். கேரளா, கர்நாடகம், ஆந்திரம், மத்தியப் பிரதேசம் எல்லாம் அன்றைக்கு உருவம் பெற்றவை. ஹரியானாவோ சரியாக நான் பிறந்த அன்றைக்கே, 1966 நவம்பர் 1-ல் பிறந்தது. ஒரு மாநிலத்தோடு ஒரே நாளில் பிறந்தவன் என்று சொல்லிக்கொள்ள எத்தனை பேருக்குக் கொடுத்துவைத்திருக்கிறது? ஆனால் ஹரியானாவைப் பற்றி நான் இருக்கும் வேளச்சேரியில் யாரிடம் பேசுவது?

கன்னடர்கள் நவம்பர் 1-ல் மஞ்சள் சிவப்புக் கொடி கட்டி ராஜ்யோத்சவம் கொண்டாடுவார்கள். மலையாளிகளுக்குக் கேரளப் பிறவி. எங்கள் கிளையில் இருந்த மலையாளிப் பெண் அன்றைக்குக் கசவுப் புடவையில் வருவாள். நம் பக்கம் மட்டும் ஓசையே இருக்காது. திடீரென்று 2019-ல் மாநில அரசு நவம்பர் 1-ஐத் 'தமிழ்நாடு நாள்' என்று கொண்டாடப் போவதாக அறிவித்தது. பேப்பரை இரண்டு தடவை படித்தேன். அறுபத்து மூன்று வருஷம் கழித்து என் பிறந்தநாளுக்கு அரசு மரியாதை! லீவு இல்லை என்பது ஒன்றுதான் குறை. லீவு விடாத விழாவை நம் ஜனங்கள் விழாக் கணக்கில் சேர்ப்பதில்லை.

அந்தப் பிறந்தநாள் காலையில் முதல் போன் மார்த்தாண்டத்திலிருந்து மாமனார். "மாப்பிள, அங்க உள்ளவங்களுக்கு இப்பம்தான் வெளிவு வந்திருக்கு, பாத்தியளா?" என்றார். என் பிறந்தநாளுக்கு வாழ்த்துச் சொல்லவில்லை. சொல்லவும் மாட்டார். அவருக்கு நவம்பர் 1 என்றால் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு. திருவிதாங்கூரிலிருந்து அந்த நான்கு தாலுகாவும் பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அவருக்குப் பதினான்கு வயது. அதற்கு இரண்டு வருஷம் முன்னால், 1954 ஆகஸ்ட் 11-ல், மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்த அன்று ஊர் எப்படி அடங்கிக் கிடந்தது என்று சொல்வார். அதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரலும் அடங்கிவிடும். பிறகு நெய்யாற்றின்கரை கைவிட்டுப் போன கதை வரும். தேவிகுளம், பீர்மேடு வரும். அதற்குள் என் காபி ஆறிப்போய்விடும்.

அந்த வருஷம் தீபாவளிக்கு நாங்கள் மார்த்தாண்டம் போயிருந்தபோது மச்சினன் மகனைக் கூப்பிட்டு உட்காரவைத்தார். "மக்களே, நம்ம ஊரு இன்னைக்கு இங்க கெடக்குன்னா அதுக்கு நேசமணிதான் காரணம், தெரியுமா?" என்றார். பையன் கண் விரிந்தது. "தலைல சுத்தியல் விழுந்துச்சே, அவரா தாத்தா?" வடிவேலுவின் காண்ட்ராக்டர் நேசமணிக்காக உலகமே பிரார்த்தித்து அப்போது ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. மாமனார் அன்று ராத்திரி சாப்பிடவில்லை. மார்ஷல் நேசமணியின் படம் இருந்த சுவரைப் பார்த்தபடி படுத்துவிட்டார்.

என் அரசு மரியாதை இரண்டு வருஷம் நிலைத்தது. 2021-ல் ஆட்சி மாறியிருந்தது. அக்டோபர் 30-ஆம் தேதி, பிறந்தநாளுக்கு இரண்டே நாள் இருக்கும்போது, இனி ஜூலை 18-தான் தமிழ்நாடு நாள் என்று முதல்வர் அறிவித்தார். கேக்குக்கு ஆர்டர் கொடுத்த பிறகு கல்யாணத்தை நிறுத்திய மாதிரி இருந்தது.

ஜூலை 18-க்குக் காரணம் பலமாகத்தான் இருக்கிறது. 1956-ல் எல்லை பிரிந்ததே தவிர, பெயர் 'மெட்ராஸ் ஸ்டேட்'தான். தமிழ்நாடு என்று பெயர் வை என்று உண்ணாவிரதம் இருந்த சங்கரலிங்கனார், இரண்டரை மாதம் பட்டினி கிடந்து, அந்த நவம்பர் 1-க்குப் பத்தொன்பது நாள் முன்பு உயிரை விட்டார். 1967 ஜூலை 18-ல் அண்ணா சட்டமன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்து நிறைவேற்றினார். நடைமுறைக்கு வந்தது 1969 ஜனவரி 14, பொங்கல் அன்று. அடுத்த மாதம் 3-ஆம் தேதி அண்ணா இல்லை. இதையெல்லாம் படித்துப் பார்த்தால் பெயர் வைத்த நாளைக் கொண்டாடுவதுதான் நியாயம் என்று எனக்கே படுகிறது. ஆனால் நியாயம் வேறு, பிறந்தநாள் வேறு. இந்தக் கணக்குப்படி தமிழ்நாட்டுக்கு மூன்று பிறந்த தேதி. ஏதோ ஒரு தலைமையாசிரியர் இதன் கையையும் தலைக்கு மேலே சுற்றிக் காதைத் தொடச் சொல்லியிருக்கிறார்.

தமிழ்நாட்டைச் சொல்வானேன், சென்னைக்கே இந்தக் குழப்பம் உண்டு. ஆகஸ்ட் 22-ஐ மெட்ராஸ் டே என்று கொண்டாடுகிறோம். 1639-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு இந்த மணல் திட்டு எழுதிக் கொடுக்கப்பட்ட நாள் அது. பத்திரத்தில் இருந்த மாதம் ஜூலை என்றும் ஒரு கட்சி இருக்கிறது. ஆனால் வாங்க வேண்டிய பிரான்சிஸ் டே இங்கே வந்து இறங்கியதே ஜூலை 27 என்பதால், 22-ஆம் தேதியை அப்படியே விட்டுவிட்டு மாதத்தை மட்டும் ஆகஸ்டுக்குத் தள்ளிவிட்டார்கள். பத்திரத்தில் தேதி மாறிக்கிடப்பது இந்த ஊரில் முதல் பத்திரத்திலேயே தொடங்கிவிட்டது என்று தெரிந்ததும், ரிஜிஸ்டர் ஆபீஸ்மேல் எனக்கிருந்த கோபம் பாதி குறைந்துவிட்டது.

தமிழ்ப் புத்தாண்டும் இதே ரகம். 2008-ல் சட்டம் போட்டுத் தை 1-க்கு மாற்றினார்கள். 2011-ல் ஆட்சி மாறியதும் இன்னொரு சட்டம் போட்டுச் சித்திரை 1-க்கே கொண்டுவந்தார்கள். இடைப்பட்ட காலத்தில் ஏப்ரல் 14 அன்று மாடி வீட்டு மாமி வேப்பம்பூப் பச்சடிக் கிண்ணத்தைக் கொடுத்துவிட்டு, என்ன வாழ்த்துச் சொல்வது என்று தெரியாமல் "சாப்பிடுங்கோ" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவார். எனக்கு இதில் கட்சி கிடையாது. வெயிலை வைத்துப் பார்த்தால் தை மாதம் தேவலை. சித்திரையில் புது வருஷம் பிறந்தால், பிறந்த குழந்தைக்கு முதல் நாளே வேர்க்குரு.

தேதி குறிக்கிறவர்கள் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம். "நவம்பர் 1-ல் பந்தல் போட்டால் நிற்காது, அதனால் மாற்றுகிறோம்" என்று ஒரு வரி போட்டிருந்தால் நான் முதல் ஆளாகக் கைதட்டியிருப்பேன். ஜூலை 18 என்பது ஆடி இரண்டோ மூன்றோ. பகுத்தறிவு மரபில் வந்தவர்கள் ஆடியென்று தயங்காதது சரி. ஆனால் அம்மியைப் பறக்கவிடும் காற்றுக்குப் பகுத்தறிவு கிடையாது. ஃப்ளெக்ஸ் பேனர் எம்மாத்திரம்?

ஃப்ளெக்ஸ் பேனருக்குப் பிறகு வருகிறேன். வேளச்சேரியைப் பற்றிச் சொல்லாமல் அதைச் சொல்ல முடியாது.

எங்கள் வீடு தரைத்தளம். வாங்கும்போது "ஏரிக் காத்து வரும் சார்" என்று புரோக்கர் சொன்னார். காற்றோடு ஏரியும் சேர்ந்து வரும் என்பதை அவர் சொல்லவில்லை. எங்கள் பகுதியில் கி.மு., கி.பி. கிடையாது. பதினைந்துக்கு முன், பதினைந்துக்குப் பின். "இந்த பிரிட்ஜ் பதினஞ்சுக்கு முன்னாடி வாங்கினது" என்றால் அதற்கு ஒரு மரியாதை, நீந்திக் கரையேறிய பிரிட்ஜ் அது. 2015 டிசம்பர் 1-ல் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. கொட்டியது. பெரிய நகரங்களில் சில, ஒரு முழு வருஷத்துக்கே அவ்வளவுதான் மழை பார்க்கும். தெருவில் கோடு போட்டது போல மற்றவையும் வரிசையாக நினைவிருக்கின்றன. வர்தாவில் விழுந்த வாதாமரம், நிவருக்கு வாங்கிப் பிரிக்காமல் கிடக்கும் மெழுகுவத்தி, மிக்ஜாமில் போன வாஷிங் மெஷின். இந்தப் புயல் பெயர்களையெல்லாம் பாகிஸ்தான், ஈரான், மியான்மர் என்று வரிசைப்படி ஒவ்வொரு நாடாகக் கொடுக்கிறார்கள். நம் வீட்டுச் சாமானை அடித்துக்கொண்டு போவதற்கு அயல்நாட்டில் பெயர் வைக்கிறார்கள்.

ஹால் சுவரில் பேரனின் உயரத்தைப் பென்சிலால் கோடு போட்டு வைப்பது என் மனைவியின் வழக்கம். அதே சுவரில்தான் வெள்ளம் நின்ற தடங்களும் இருக்கின்றன. பெயின்ட் அடித்தாலும் பழுப்பாக மேலே வந்துவிடும். பையன் மூன்றாம் வகுப்பில் மிக்ஜாமைத் தாண்டிவிட்டான். 2015-ஐத் தாண்ட இன்னும் நாலு விரற்கடை பாக்கி. "போன்விட்டா குடிச்சா தாண்டிடுவேன்ல பாட்டி?" என்று கேட்கிறான். அவனுக்கு அது வெள்ளமில்லை, வகுப்பில் உயரமான இன்னொரு பையன்.

மழை அறிவிப்பு வந்தால் எங்கள் தெருவில் முதலில் நகர்வது கார்கள். எல்லாம் வரிசையாக வேளச்சேரி மேம்பாலத்தில் ஏறி நின்றுகொள்ளும். மனிதர்கள் கீழே இருப்பார்கள். காருக்கு இ.எம்.ஐ. பாக்கி இருக்கிறது என்பது காரணமாக இருக்கலாம். என் மனைவிக்கு மூன்று செயலி, இரண்டு வெதர்மேன், ஒரு வாட்ஸாப் குரூப். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்று எச்சரிக்கையின் நிறத்தைச் சொல்லியே அன்றைய சமையலை முடிவு செய்வாள். ஆரஞ்சு என்றால் மாவு அரைத்துவிட வேண்டும், சிவப்பு என்றால் தண்ணீர் பிடித்துவிட வேண்டும். பேரனுக்கு இந்த வண்ணமெல்லாம் தேவையில்லை. அவனுடைய வானிலை மையம் கலெக்டர். ராத்திரி பத்து மணிக்கு, காலை ஐந்து மணிக்கு, ஐந்தே காலுக்கு: "லீவு விட்டாச்சா தாத்தா?" நாட்டில் இவ்வளவு பக்தியோடு ஓர் ஐ.ஏ.எஸ். அதிகாரியின் பெயரைத் தெரிந்துவைத்திருப்பவர்கள் பள்ளிப் பிள்ளைகள் மட்டும்தான்.

வானிலை மையத்தின் தமிழ்மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு. 'ஓரிரு இடங்களில்', 'சில இடங்களில்', 'அநேக இடங்களில்' என்று சொல்வது வாய்க்கு வந்ததல்ல, எல்லாம் அளவு. மழைமானி இருக்கும் இடங்களில் கால்வாசிக்குள் பெய்தால்தான் ஓரிரு இடம். கனமழை, மிகக் கனமழை, அதி கனமழை என்பதும் செ.மீ. கணக்கு, 20-ஐத் தாண்டினால் 'அதி'. காலை எட்டரைக்கு மானியைப் பார்த்து முந்தின நாள் கணக்கை மூடுவார்கள். வங்கியில் முப்பது வருஷம் லெட்ஜர் மூடியவனுக்கு இதைவிட இனிமையான செய்தி கிடையாது. ஓரிரு இடங்களில் என்று எப்போது சொன்னாலும், ஓர் இடம் நான் இருக்கும் இடமாக இருக்கும். மற்ற இடம் எதுவென்று எனக்குக் கவலையில்லை.

அந்த மையத்தின் நுங்கம்பாக்கம் வளாகத்தில் ஒரு கருங்கல் தூண் நிற்கிறது. 1792-ல் கம்பெனி கட்டிய வானாய்வகத்தின் மிச்சம். ஆசியாவில் இன்ன காலத்தில் நாங்கள் கணித விஞ்ஞானம் விதைத்தோம் என்று ஆயிரம் வருஷம் கழித்து வருகிறவனும் தெரிந்துகொள்ளட்டும் என்று, தமிழ், தெலுங்கு உட்படப் பல மொழிகளில் அதில் வெட்டிவைத்திருக்கிறார்கள். என் கணக்கில் சென்னையில் வைத்த முதல் ஃப்ளெக்ஸ் அதுதான். கல்லில் அடித்ததால் கிழியவில்லை.

இப்போது எங்கள் வீட்டு ஃப்ளெக்ஸ். வாசல் போர்டிகோவின் ஆஸ்பெஸ்டாஸ் கூரை விரிசல் விட்டு ஒழுக ஆரம்பித்தபோது, வாட்ச்மேன் ஒரு பேனரைச் சுருட்டிக்கொண்டு வந்தார். பத்துக்கு எட்டு. ஒரு கட்சித் தலைவரின் பிறந்தநாளுக்கு வைத்தது. விழா முடிந்த மறுநாள் காலை பிரித்ததாம். தெருவில் போகிறவர்கள் பார்த்தால் நம்மைக் கட்சி கட்டிவிடுவார்கள் என்று மனைவி சொன்னதால், படம் உள்பக்கம் தெரியும்படி கூரைக்குக் கீழே இழுத்துக் கட்டினோம். ஈஸிசேரில் சாய்ந்தால் தலைவர் என்னை நேராகப் பார்த்துக் கும்பிடுவார். அவருக்குக் கீழே எழுத்து: 'வாழ்த்த வயதில்லை, வணங்குகிறோம்.'

பாதிக் கூரைக்குத்தான் அது காணும். மீதிப் பாதிக்கு அடுத்த மாதம் வாட்ச்மேன் இன்னொன்று கொண்டுவந்தார். எதிர்க்கட்சி. அது ஏதோ நூற்றாண்டு விழா. இரண்டையும் ஓரடி ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கட்டினோம். கட்டி முடித்து அண்ணாந்து பார்த்தால், ஒருவர் உயர்த்திய கை இன்னொருவர் தோளில் விழுந்திருந்தது. சட்டமன்றத்தில் நடக்காதது எங்கள் போர்டிகோவில் நடந்துவிட்டது. மழை வந்ததும் தெரிந்தது: இரண்டு பேனரும் தனித்தனியாக ஒரு சொட்டு விடவில்லை. இரண்டும் சேர்கிற இடத்தில்தான் ஒழுகியது.

2022 நவம்பர் 1, செவ்வாய்க்கிழமை. முந்தின ராத்திரி முழுக்கக் கொட்டியது. விடியற்காலையில் லீவு விட்டாயிற்று. எட்டரைக்குக் கணக்கு மூடினார்கள்: நுங்கம்பாக்கத்தில் 8 செ.மீ. நவம்பர் 1-ஆம் தேதி இவ்வளவு பெய்தது முப்பது வருஷத்தில் இதுதான் முதல் தடவை என்று டிவியில் சொன்னார்கள். அம்மா, நீ சொன்னது பொய்யில்லை. எனக்காக இல்லாவிட்டாலும், என் பிறந்தநாளுக்கென்று வானிலை மையம் தனிக் கணக்கு வைத்திருக்கிறது.

பிறந்தநாளுக்கு மனைவி கொடுத்த பால்கோவாவைக் கிண்ணத்தில் வைத்துக்கொண்டு ஈஸிசேரில் சாய்ந்திருந்தேன். பேண்ட்டைச் சுருட்டிக்கொண்டு வங்கிக்குக் கிளம்ப இன்னும் அரைமணி இருந்தது. மூன்று படியில் இரண்டு தண்ணீருக்குள். அப்போது வேட்டியைத் தொடைவரை மடித்துக்கட்டிய வட்டப் பிரதிநிதி, பின்னால் குடைபிடிக்கும் ஒரு பையனோடு, தண்ணீரைத் துழாவிக்கொண்டு வந்து போர்டிகோவுக்குள் ஏறினார்.

"சார், இன்னிக்கு உள்ளாட்சி நாள். கூட்டம் இருக்கு. கம்ப்ளெயின்ட் இருந்தா வந்து சொல்லலாம்."

நவம்பர் 1 சும்மா இருக்கக் கூடாது என்று அதை உள்ளாட்சி நாள் ஆக்கியிருந்தது அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. கம்ப்ளெயின்ட் எங்கள் இருவர் காலுக்குக் கீழேயும் சலசலத்துக்கொண்டிருந்தது. "வர்றேங்க" என்றேன்.

அப்போதுதான் அவர் தோளில் ஒரு சொட்டு விழுந்தது. அண்ணாந்து பார்த்தார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அவருடைய தலைவர் கும்பிட்டபடி இருக்கிறார், அவர்மேல் மற்றக் கட்சித் தலைவர் ஓரடி ஏறி உட்கார்ந்திருக்கிறார். வட்டப் பிரதிநிதி நிதானமாக ஒருமுனையிலிருந்து மறுமுனை வரை பார்த்தார். விரல் மடக்கிப் பேனரைச் சுண்டிப் பார்த்தார். முதலில் தன் கட்சியுடையதை, பிறகு மற்றதை.

"இது திக்கா இருக்கே சார். நாம அடிக்கிறது ரெண்டு மழைக்கே பல்லைக் காட்டிடுது. எங்க அடிச்சாங்கன்னு தெரியுமா?"

"வாட்ச்மேனுக்குத்தாங்க தெரியும்."

"கேட்டு வைங்க." பிறகு பையனிடம் திரும்பினார். "டேய், அந்த ஸ்டூலைப் போடு. அந்தக் கயித்தை அவுத்து, நம்மளை மேல ஏத்திக் கட்டு. அவரு அடியில வரட்டும்."

பத்தே நிமிஷம். பையன் கெட்டிக்காரன், முடிச்சு நன்றாகப் போட்டான். பால்கோவாவில் ஆளுக்கு ஒரு துண்டு எடுத்துக்கொண்டார்கள். என்ன விசேஷம் என்று கேட்கவில்லை. தண்ணீரைத் துழாவிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விட்டார்கள்.

நாற்காலியில் மறுபடி சாய்ந்தேன். ஒழுகல் நிற்கவில்லை, இடம் மாறியிருந்தது. முன்பு வாசல் பக்கம் விழுந்துகொண்டிருந்தது, இப்போது என் கிண்ணத்தில் விழுந்துகொண்டிருந்தது.